ஷேக்ஸ்பியரின் இளைய மகள்: படம் காட்டுவதில் எவ்வளவு நிஜம்?

கடைசிவரிசை:
நேத்து ராத்திரி கென்னத் பிரானா இயக்கி ஷேக்ஸ்பியரா நடிச்ச ‘ஆல் இஸ் ட்ரூ’ (‘எல்லாம் நிஜம்’, 2018) பார்த்தேன். குளோப் அரங்கம் எரிஞ்சுபோனதும் ஷேக்ஸ்பியர் லண்டனை விட்டுட்டு சொந்த ஊர் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு வந்து சேர்றார். இத்தனை வருஷம் வந்துவந்து போன மனுஷனை மனைவி ஆன் வீட்டுக்காரராவே நினைக்கலை. விருந்தாளிக்குத்தான் நல்ல கட்டில்னு சொல்லித் தனியா படுக்க வைக்கிறா. அவரோ பதினேழு வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன மகனுக்காகத் தோட்டம் போட ஆரம்பிக்கிறார். இது வரைக்கும் சரி.

என் குழப்பம் இளையவ ஜூடித் பத்தி. (படம் பார்க்காதவங்க இதோட நிறுத்திக்கோங்க.) மகன் ஹாம்னெட் எழுதினதுன்னு அப்பா பொத்திப் பொத்தி வெச்சிருக்கிற கவிதைகள் உண்மையில அவளோடதாம், அவ சொல்லச் சொல்ல அவன் எழுதினானாம். அவன் செத்தது பிளேக்ல இல்லையாம், குளத்துலயாம். இதுக்கெல்லாம் ஏதாவது ஆதாரம் உண்டா, இல்லை சும்மா அழவைக்கச் சேர்த்ததா? அப்புறம், மனைவி ஆன் வேஷத்துல நடிக்கிற ஜூடி டென்ச் பிரானாவைவிட 26 வயசு மூத்தவர். அது வேற கண்ணை உறுத்துது.

பாதிராத்திரி ஷோ:
தலைப்பே நக்கல் சகோ. ஷேக்ஸ்பியரோட ‘எட்டாம் ஹென்றி’ நாடகத்துக்கு அந்தக் காலத்துல இருந்த இன்னொரு பேர் அது. 1613 ஜூன் 29, அந்த நாடகம் நடக்கும்போது சுட்ட பீரங்கியில்தான் குளோப்போட கூரைக் கீத்து பத்திக்கிச்சு. கதை எழுதின பென் எல்டன், இதே குடும்பத்தை வெச்சு பிபிசியில காமெடித் தொடரும் எழுதினவர். நிஜத்துல ஆன் எட்டு வயசுதான் மூத்தவங்க. ஆனா டென்ச் முகத்தைக் காட்டினா நான் கணக்கெல்லாம் பார்க்க மாட்டேன்.

அடித்தல்திருத்தல்:
முப்பத்தொரு வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். நாடகம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அந்த மனிதரின் உயிலை மட்டும் எழுத்தெழுத்தாகப் பார்த்திருக்கிறேன், மகன் அச்செடுத்துக் கொடுத்தான். அதை வைத்துச் சொல்கிறேன் அம்மா.

முதலில் குளம். 1596 ஆகஸ்ட் 11இல் ஹாம்னெட்டை அடக்கம் செய்ததாகத் தேவாலயப் பதிவேட்டில் இருக்கிறது. வயது பதினொன்று. எதனால் இறந்தான் என்று ஒரு சொல் கிடையாது. அதே பதிவேட்டில், ஷேக்ஸ்பியர் பிறந்த 1564இல், ‘இங்கே கொள்ளைநோய் தொடங்கிற்று’ என்று லத்தீனில் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த வருஷம் இருநூறு பேருக்கு மேல் போனார்கள். படத்தில் அவர் பதிவேட்டைப் புரட்டி, பிளேக் என்றால் ஏன் இத்தனை குறைவான சாவு என்று யோசிக்கிறாரே, அந்தக் காட்சி இந்தக் காலியிடத்தில் கட்டியது. குளம் கற்பனை. காலியிடம் நிஜம்.

கவிதைக்கும் ஆதாரம் இல்லை. ஆனால் எல்டன் அதை எங்கிருந்து எடுத்தார் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 1611இல் ஒரு வீட்டு விற்பனைப் பத்திரத்துக்கு ஜூடித் சாட்சி. கையெழுத்து இல்லை, ஒரு சுழி போட்டிருக்கிறாள். அக்கா சுசன்னா தன் பெயரை எழுதுவாள். உலகத்துக்கே எழுதிக் கொடுத்தவரின் மகள் கைநாட்டு! பத்திரம் எழுதும்போது எத்தனையோ பேர் ரேகை வைக்கப் பார்த்திருக்கிறேன். படிப்பு இல்லையே தவிர, பேச்சில் என்னை மடக்குகிறவர்கள். எழுதத் தெரியாதவளுக்குச் சொல்லத் தெரியாதா என்ன? அவள் சொல்லி அவன் எழுதினான் என்றால் அந்தச் சுழியோடு அது முரண்படவே இல்லை. கெட்டிக்கார வேலை.

இனி உயில். 1616 ஜனவரியில் வரைவு தயார். பிப்ரவரி 10இல் ஜூடித்துக்கும் தாமஸ் குவைனி என்பவனுக்கும் கல்யாணம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்தில் கட்டினார்கள், அதற்கான தனி அனுமதி வாங்கவில்லை. அது போதாதென்று மார்கரெட் வீலர் என்கிற பெண்ணை அவன் கர்ப்பமாக்கியிருந்தது வெளியே வந்தது. அவளும் குழந்தையும் மார்ச்சில் இறந்தார்கள். மார்ச் 25இல் உயிலின் முதல் பக்கம் மாற்றி எழுதப்படுகிறது. மறுநாள் 26இல் தேவாலய நீதிமன்றத்தில் மாப்பிள்ளை குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். மூன்று ஞாயிறு வெள்ளைத் துணி போர்த்தி எல்லோர் முன்னும் நிற்க வேண்டும் என்று தண்டனை. கடைசியில் ஏழைகளுக்கு ஐந்து ஷில்லிங் கட்டித் தப்பினான்.

தொழில்காரன் கண்ணுக்குப் பட்டது இதுதான். அந்த உயிலில் ‘மருமகனுக்கு’ என்று ஆரம்பித்து அடித்துவிட்டு ‘மகள் ஜூடித்துக்கு’ என்று போட்டிருக்கிறது. எங்கள் ஆபீஸில் என்றால் ‘அடித்தல் ஒன்று’ என்று ஷரா எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்போம். ஜூடித்துக்கு 150 பவுண்டு கொடுக்கிறார். அதில் நூறு சீதனக் கணக்கு. மீதி ஐம்பது, ஒரு குடிசை மீதுள்ள உரிமையை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தால்தான். மூன்று வருஷம் கழித்து அவளோ அவள் பிள்ளையோ உயிரோடு இருந்தால் இன்னொரு 150. ஆனால் அசலைத் தொட வேண்டுமானால் புருஷன் அதற்கு ஈடான நிலத்தை அவள் பேருக்கு எழுதி வைக்க வேண்டும். அதுவரை வட்டி மட்டும் அவள் கையில். மருமகனை நம்பாத அப்பன்மார் பலர் என்னிடம் இதே மாதிரிதான் எழுதச் சொன்னார்கள், வார்த்தைதான் வேறே.

ஒட்டுத்திண்ணை:
ஐயா, மன்னிக்கணும். வீடு, நிலம், லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் சொத்து எல்லாமே மூத்தவளுக்குப் போயிருக்கு. இளையவளுக்குக் கணக்குப் பார்த்துக் காசு. இதைப் பாசம்னு எப்படிச் சொல்றது? மனைவிக்கு ‘இரண்டாந்தரக் கட்டில்’ மட்டும்தானே.

அடித்தல்திருத்தல்:
பாசம் என்று நான் சொல்லவில்லை தம்பி. பயம் என்றுதான் சொல்வேன். ஆண் வாரிசு செத்துவிட்டது, சொத்து சிதறக் கூடாது, மூத்தவளுக்குப் பிறக்கும் ஆண்பிள்ளைக்குப் போகட்டும் என்று பக்கம் பக்கமாக ‘அவனுக்குப் பின் அவன் மகன்’ என்று அடுக்குகிறார். மூத்தவளுக்கோ எலிசபெத் என்று ஒரே மகள். 1670இல் அவளோடு நேர் வம்சமே முடிந்தது.

கட்டில் விஷயம் வரிகளுக்கு நடுவே நுழைத்த இடைச்செருகல். கடைசியில் யாரோ ‘மனைவி பேர் எங்கேயும் வரவில்லையே’ என்று கேட்டிருப்பார்கள், அல்லது அவருக்கே உறைத்திருக்கும். நல்ல கட்டில் விருந்தாளிக்கு என்பதால் தம்பதி படுத்ததே இரண்டாவதில்தான் என்று சிலர் சொல்வதுண்டு. விதவைக்குச் சொத்தில் மூன்றிலொரு பங்கு என்பது அந்நாள் இங்கிலாந்து வழக்கம், ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அதனால் அவள் தெருவில் நின்றாள் என்று நினைக்க வேண்டாம். படத்தில் ஆன் அந்த நல்ல கட்டிலை அவருக்கே ஒதுக்குவது இந்த ஒரு வரியை வைத்துத்தான். அங்கே நான் மட்டும் சத்தமாகச் சிரித்தேன், வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

கடைசிவரிசை:
ஐயா, அந்தச் சுழி விஷயம் தெரியாமலேயே படத்தைப் பார்த்துட்டேனே! ஒண்ணு மட்டும் கேட்கணும். பணம் தவிர ஜூடித்துக்கு அவர் வேற எதுவுமே தரலையா?

அடித்தல்திருத்தல்:
பொன்முலாம் பூசிய பெரிய வெள்ளிக் கிண்ணம் ஒன்று. பாக்கி வெள்ளிச் சாமான் எல்லாம் பேத்தி எலிசபெத்துக்கு, அந்தக் கிண்ணம் மட்டும் ஜூடித்துக்கு என்று தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறார். ஏப்ரல் 23இல் அவர் போய்விட்டார். நவம்பரில் ஜூடித்துக்கு ஆண்குழந்தை. அவள் வைத்த பெயர் ஷேக்ஸ்பியர். ஆமாம், அப்பாவின் குடும்பப் பெயரே பிள்ளைக்குப் பெயர்: ஷேக்ஸ்பியர் குவைனி. ஆறு மாதம்தான் இருந்தது.