வடக்கேவிளை குடும்பம்: மச்சில வண்டு

வியாழன், இரவு 7:52

லீலா: [படம்]

லீலா: [படம்]

லீலா: இது என்னதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. மழ விட்டு முன்வாசல் லைட்டு போட்டதும் குமியக் குமிய வருது. சுவரு கருத்துப் போச்சு. மச்சுக்கு உள்ளேயும் ஏறுது

ஜெயா: ஐயோ மைனி

அஜின்: மூட்டப்பூச்சியா

ஷீபா: இது ஆசிட் பூச்சி அக்கா. வேற குரூப்புல வந்துது. மேல பட்டா தோலு வெந்து போவுமாம். பிள்ளைகள வெளிய விடாதீங்க. எல்லாருக்கும் அனுப்புங்க

லீலா: ஞாயிற்றுக்கிழம பிந்துக்கு கல்யாண நிச்சயம். மாப்பிள வீட்டுல இருந்து மட்டும் அறுவது பேரு

செல்லத்துரை மாமா: ஷீபா, யாருக்கும் அனுப்பாண்டாம், பொறு. லீலா, படம் கலங்கலா இருக்கு. ஒண்ண மட்டும் கண்ணாடி டம்ளரால மூடு. பக்கத்துல ஒரு தீக்குச்சி வச்சு மேல இருந்து ஒரு படம், சைடுல ஒரு படம் எடு. நசுக்கிராத.

பிந்து: நான் எடுக்கேன் தாத்தா

செல்வன்: மண்டபம் பாக்கலாம்னு அப்பமே சொன்னேன்

ராஜன்: சொன்ன. துட்டு யாருன்னு சொல்லல

ஜெயா: ஆரம்பிச்சாச்சு

பிந்து: [படம்]

பிந்து: [படம்]

செல்லத்துரை மாமா: இப்பம் தெளிவா இருக்கு. ரப்பர் வண்டாக்கும் இது. கேரளத்துல முப்ளி வண்டும்பாவ, திருச்சூர் ஜில்லாவுல முப்ளி எஸ்டேட்டு பக்கம் பெருகினது. நீளம் ஒரு செண்டிமீட்டருக்கு உள்ளதான். உடம்பு முழுக்க ஒரே கருப்பு. முதுகு ஓடு வாலு வரைக்கும் மூடியிருக்கு பாத்தியளா, அதுதான் அடையாளம். நடுவுல செம்பட்ட நெறத்துல சிலது தெரியும், அது வேற சாதியில்ல, கூட்டுல இருந்து புதுசா வந்தது.
ஆசிட் பூச்சிக்கு ஆரஞ்சும் கருப்பும் பட்ட பட்டையா இருக்கும். எறும்பு மாதிரி நீண்டது, றெக்க ஓடு கட்டையா இருக்கும், பின்பாதி உடம்பு வெளிய தெரியும். மூட்டப்பூச்சிக்கு றெக்கையே கிடையாது, லைட்டுக்கு பறந்து வராது.

அஜின்: 👍

ஷீபா: அப்ப மேல பட்டா ஒண்ணும் செய்யாதா மாமா

செல்லத்துரை மாமா: கடிக்காது. அரிசி, துணி, மரம் எதையும் திங்காது. ஆனா நசுங்கினா, பயந்தா ஒரு நீரு விடும். நாத்தம் அதுலதான். தோலுல பட்டா எரியும், செவக்கும், சிலருக்கு கொப்பளிக்கும். தேய்க்காம சோப்பு போட்டு கழுவணும். கண்ணுல பட்டா நல்ல வெள்ளத்துல கால் மணி நேரமாவது கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு போவணும். ராத்திரி கொசுவல கட்டிப் படுங்க. குழந்த தொட்டிலுக்கு கட்டாயம்.

லீலா: பிந்து கழுத்துல ஒண்ணு விழுந்துட்டு

ஜெயா: நிச்சயத்துக்கு கழுத்துல தழும்போடயா

பிந்து: கழுவிட்டேன் அத்த. ஒண்ணுமில்ல

அஜின்: ஸ்ப்ரே வாங்கிட்டு வரவா. கட இன்னும் அடைக்கல

செல்லத்துரை மாமா: வாங்காண்டாம். ஓட்டுக்கும் பட்டியல் கம்புக்கும் நடுவுல அட்டி அட்டியா அடஞ்சிருக்கும், உள்ள இருக்கதுமேல மருந்து படாது. மேல இருக்கது சாவும், செத்தது ரெண்டு மூணு நாளைக்கு ஒண்ணொண்ணா கீழ விழும். ஞாயிற்றுக்கிழம அது சாப்பாட்டு எலையில விழணுமா? நாளைக்கு மழ பெய்ஞ்சா வெளியில இருந்து புதுசும் வரும். மண்ணெண்ணெய மச்சுல தெளிக்கவும் செய்யாத, மரமாக்கும், வயரிங்கும் அங்கதான் போவுது.

ராஜன்: பின்ன என்ன செய்யணும் மாமா

செல்லத்துரை மாமா: இப்பமே வீட்டு லைட்ட ஒக்க அணை. பொழுது சாஞ்சதுல இருந்து ஒம்பதரை வரைக்கும் வீட்டுல வெள்ள வெளிச்சம் வேண்டாம். அடுக்களையில மட்டும் மஞ்ச பல்பு, சன்னல சாத்திட்டு.
வீட்ட விட்டு தள்ளி, ரப்பர் வெளை பக்கம், ஒரு வெள்ள பல்பு தூக்கு. அதுக்கு கீழ அகல வாயுள்ள பேசின். அஞ்சு லிட்டர் வெள்ளம், ரெண்டு கரண்டி சோப்புத்தூளு. சோப்பு இல்லன்னா வண்டு மெதந்து ஏறிரும், கேட்டியா. விழுந்தத காலையில குழி வெட்டி மூடு. கெணத்துப் பக்கம் கொட்டாத.
மச்சுல அடஞ்சத பகல்ல எடுக்கணும். முழுக்கை சட்ட, கண்ணாடி, தலையில துண்டு. ஈர்க்கு வாரியல் நசுக்கும், மெத்துன்னு இருக்க வாரியல கம்புல கட்டி பைய தட்டு, பொலபொலன்னு விழும். கீழ அதே சோப்பு வெள்ளம். அடிச்சு பெருக்காத.

அஜின்: வெளையில எலய கூட்டி தீ வச்சா?

செல்லத்துரை மாமா: செய்யாத. பட்டை வெந்து போவும், பால்வெட்டுக்கு ஆவாது. வண்டு எலய விட்டு வீட்டுக்கு வந்தாச்சு, இனி எரிச்சு என்ன. டிசம்பர், ஜனவரியில எல உதிரும், அதுலதான் முட்டையிட்டுப் பெருகும். துளிர் கொட்டினதுதான் அதுக்கு ரொம்பப் பிடிச்ச தீனி. துளிருல பூசணம் பிடிச்சு உதிராம இருக்க கந்தகப்பொடி தூவணும். தூவின வெளையில துளிர் கொட்டுறது குறையும், வண்டுக்கு தீனியும் குறையும்.

ராஜன்: இந்த வருசம் வீட்டோட சேந்த நாப்பது சென்ட்டுல பொடி தூவுனாங்களான்னு செல்வன்கிட்ட கேளுங்க

செல்வன்: வெளை குத்தகைக்கு விட்டாச்சு. அது குத்தகக்காரன் பாடு

ராஜன்: எல்ல எங்க வீட்டு சுவருதான

செல்வன்: அளந்து தரச்சொல்லி எத்தன வருசமா கேக்கேன்

ஷீபா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஜெயா: ஞாயிற்றுக்கிழம முடியட்டும் அண்ணன்மாரே. மைனி, பாயாசம் அடையா பருப்பா? போளி எத்தன சொல்லணும்

லீலா: பந்தலுக்கு சீரியல் லைட்டு சொல்லியாச்சு. அத என்ன செய்ய

செல்லத்துரை மாமா: எத்தன மணிக்கு பரிசம்?

லீலா: பதினொண்ணு

செல்லத்துரை மாமா: பகல்ல வண்டு பறந்து வராது. சீரியல் லைட்ட சனிக்கிழம ராத்திரி எரிய விடாம இருந்தா போதும். சாப்பாடு வீட்டுக்குள்ள வேண்டாம், பந்தல்ல போடு. பெண்ணு இருக்க முறியில மச்சுக்கு கீழ நாலு மூலையும் இழுத்து வெள்ளத்துணி கட்டு. பொண்ணழைப்புக்கு முன்னால அவுக்கவும் செய்யாத.

அஜின்: சனி ராத்திரி பாட்டும் லைட்டும் சொல்லியிருக்கே. மாமன் பயலுவ எல்லாரும் வாராவ

ராஜன்: பாக்கலாம்

பிந்து: தாத்தா, இது தானா போவாதா

செல்லத்துரை மாமா: ஒம்பது மாசம் கிட்ட தின்னாம குடிக்காம மச்சுலயே கெடக்கும் பிள்ளே. அடுத்த எலயுதிர்வுக்கு வெளைக்கு போவும். அதனால நிச்சயம் முடிஞ்சதும் சுவருக்கும் ஓட்டுக்கும் இடையில இருக்க எடவெளிய கொசுவல வச்சு அடைக்கணும். மார்ச்சுலயே செய்திருந்தா இவ்வளவு ஏறியிருக்காது. ராஜா, ஆசாரிய திங்கக்கிழம கூட்டு.

ராஜன்: ஆசாரி கூலி ரெண்டு வீட்டுக்கும் பொதுவா மாமா?

செல்வன்: பிறகு பேசலாம்

லீலா: லைட்ட அணைச்சாச்சு. வெளை பல்புல கொட்டுது

லீலா: [படம்]

ஜெயா: அம்மாடி பேசின் நெறஞ்சிட்டே

செல்லத்துரை மாமா: ஒம்பதரைக்கு அந்த பல்பையும் அணைச்சிரு. வெள்ளம் மாத்தி, சோப்பு புதுசா போடு. நாளைக்கும் மழ இருக்கு

ஜெயா: பாயாசம் யாரும் சொல்லல

அஜின்: அட

ராஜன்: பருப்பு