பேராயர் ரொமேரோ மாறியது எப்படி?

கதிரொளி கேட்டது:
1977 பிப்ரவரியில் ஆஸ்கர் ரொமேரோ சான் சால்வடோர் பேராயரானபோது, வம்புக்குப் போகாத பழமைவாதி என்று மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரின் செல்வந்தர்கள் நிம்மதியடைந்தார்கள். அப்படிப்பட்டவர் மூன்றே ஆண்டுகளில் ஆட்சியாளர்களின் கண்ணில் உறுத்தும் முள்ளானது எப்படி?

மருதன்:
அவ்வாண்டு மார்ச் 12 அன்று, ஏழை உழவர்களிடையே பணியாற்றிய அவருடைய நண்பரான இயேசு சபைக் குரு ருத்திலியோ கிராந்தே, உடன் பயணித்த ஒரு முதியவரோடும் ஒரு சிறுவனோடும் சுட்டுக் கொல்லப்பட்டார். மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமையன்று மறைமாவட்டத்தின் மற்றத் திருப்பலிகள் அனைத்தையும் நிறுத்திவிட்டு, பேராலயத்தில் ஒரே திருப்பலியை, அதுவும் திருத்தந்தையின் தூதரே எதிர்த்தபோதும், ரொமேரோ நிறைவேற்றினார். கொலை விசாரிக்கப்படும்வரை அரசு விழாக்களுக்கு வரமாட்டேன் என்றும் அறிவித்து, சொன்னபடியே நின்றார்.

தேன்மொழி:
என் பார்வையில் அவருடைய உண்மையான ஆயுதம் வானொலிதான். அச்சமும் தணிக்கையும் நிலவிய நாட்டில், கொல்லப்பட்டோர், காணாமற்போனோர் ஆகியோரின் பெயர்களை அவர் ஞாயிறு மறையுரையிலேயே வாசித்தார். அதை ஒலிபரப்பிய நிலையம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. 1980 மார்ச் 23 அன்று, இறைவனின் கட்டளைக்கு மாறான ஆணைக்குக் கீழ்ப்படிய எந்தச் சிப்பாயும் கடமைப்பட்டவன் அல்லன் என்றார். மறுநாள் மாலை, மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

நெய்தல்:
உடன் ஆயர்களில் பெரும்பாலோர் அவரைக் கைவிட்டதையும் சொல்லியாக வேண்டும். 2018இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். ஆனால் கொலைக்கு ஆணையிட்டவர் என்று 1993இல் ஐ.நா. உண்மை ஆணையம் குறிப்பிட்ட முன்னாள் ராணுவ அதிகாரி ராபர்ட்டோ தொபுய்சோன், தண்டனை எதுவுமின்றி அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டிருந்தார்.