மந்தைத் தூணும் கேப்டனும்: பணம் அனுப்புமுன் இதைப் படிக்கவும்

அனுப்பியவர்: மேலவீட்டு ராசு, குவைத்

எல்லோருக்கும் வணக்கம்.

ரிட்டையர்டு மிலிட்டரி கேப்டன் என்று சொல்லிக்கொண்டு நம்ம ஊரில் வாடகைக்கு இருக்கிறவர், ஊர் மந்தையில் படைவீரர் தூண் கட்ட 3 லட்சம் வேண்டும் என்று வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஊர்ச் சங்கத்துக்குப் போட்ட மடலுக்குப் பதினொரு பேர் சரி சொல்லியிருக்கிறோம். அதில் நானும் ஒருத்தன். இப்போது ஊருக்குப் போய்விட்டு வந்திருக்கிறேன். பணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றியதே நம்ம கேப்டன்தான். பச்சைச் சட்டை, தொப்பி, நெஞ்சில் ஏழு மெடல். ஏழும் வலது பக்கம். எனக்கு இதெல்லாம் தெரியாது. பக்கத்து நாற்காலியில் இருந்த மிலிட்டரி மாமாதான் என் கையைச் சுரண்டி, "ஏன்டா, அது இவன் மெடலா, இவன் அப்பன் மெடலா?" என்றார். சம்பாதித்தவன் இடது பக்கம்தான் குத்துவானாம். செத்துப்போனவருடைய மெடலை வீட்டு ஆள் போட்டுக்கொண்டால்தான் வலது பக்கமாம்.

கூட்டம் முடிந்து டீ கொடுத்தார்கள். மாமா விடவில்லை. எந்த ரெஜிமென்ட் என்றார். "மெட்ராஸ்." எந்த பட்டாலியன்? "அதெல்லாம் வெளியே சொல்லக் கூடாது பெரியவரே." மாமா சிரித்துவிட்டார். அவர் 71 சண்டை சமயத்தில் அத்தைக்குப் போட்ட ஒவ்வொரு இன்லேண்டு லெட்டரிலும் நம்பர், பெயர், பட்டாலியன், 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரி எல்லாம் இருக்கும். தபால்காரர் முதற்கொண்டு தெருவுக்கே அது மனப்பாடம்.

"சரி, உன் சர்வீஸ் நம்பரைச் சொல்லு" என்றார். கேப்டன் சட்டைப் பையைத் தடவிவிட்டு, "போனில் இருக்கு" என்றார்.

மாமாவுக்கு 78 வயது. அன்றைக்கு என்னை மூன்று தடவை என் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுபடி இலை போடச் சொல்கிறார் என்று அத்தை அழுகிறார். அப்பேர்ப்பட்டவர் டீ கிளாஸைக் கீழே வைத்து, முதுகை நிமிர்த்தி, தன் நம்பரை இந்தியில் சொன்னார். ஏழு இலக்கம், ஒரு திக்கல் இல்லை. கேப்டன் யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து போய்விட்டார்.

திரும்பும்போது மாமா இன்னொன்றும் சொன்னார்: "மிலிட்டரி கேன்டீனில் சரக்கு வாங்கக் கார்டு இருக்கிறவன் டாஸ்மாக்கில் ஏன்டா நிக்கிறான்?"

ஒன்றை மறைக்கக் கூடாது. பட்டாளத்தில் சேர ஆசைப்படுகிற பதினான்கு பையன்களைக் கண்மாய்க் கரையில் காலை ஐந்து மணிக்குக் கேப்டன் ஓடவிடுகிறார். நானே பார்த்தேன். அதுவரை அந்த நேரத்தில் எழுந்திருக்காத பையன்கள்.

அனுப்பியவர்: பொருளாளர், நியூஜெர்சி

ராசு எழுதியது நல்லது. நான் காகிதத்தை மட்டும் பேசுகிறேன்.

1. கொட்டேஷன் என்று வந்திருப்பது வெள்ளைத்தாள். ஜி.எஸ்.டி. எண் இல்லை. கல் எத்தனை அடி என்றுகூட இல்லை.

2. பணம் கேட்டிருப்பது சங்கக் கணக்கில் அல்ல, அவருடைய சொந்தக் கணக்கில்.

3. நோட்டீஸில் போட்டிருக்கிற வாழ்க்கைக் குறிப்பு: 1992-இல் சிப்பாய், 2008-இல் கேப்டனாக ஓய்வு. பதினாறு வருஷம். சிப்பாயாகச் சேர்ந்தவர் சுபேதார், சுபேதார் மேஜர் வரை போய், சர்வீஸ் முடிகிற காலத்தில் குடியரசு தினத்துக்கோ சுதந்திர தினத்துக்கோ ஆனரரி (கௌரவ) கேப்டன் வாங்குவது உண்டு. அதற்குள் தலை நரைத்துவிடும். பதினாறு வருஷத்தில் நடக்கிற காரியம் அல்ல.

4. கார்கில் சண்டையில் டைகர் ஹில் உச்சியில் கொடி நட்டேன் என்கிறார். 1999 ஜூலை 4-ஆம் தேதி அந்த உச்சியைப் பிடித்தது 18 கிரனேடியர்ஸ் பட்டாலியன். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் எப்படி?

இன்னொன்று. படைவீரர் என்று பிறர் நம்பட்டும் என்று உடையோ அடையாளமோ போட்டுக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆவது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் 500 ரூபாய்தான். ஏமாற்றிப் பணம் வாங்கியிருந்தால் 318 தனி.

ஊருணி தூர் வாரியதில் மீதி 18,450 ரூபாய் இன்னும் வரவில்லை. யாரிடம் இருக்கிறதோ அவருக்கே தெரியும்.

அனுப்பியவர்: கீழத்தெரு பாண்டி, துபாய்

சித்தப்பா, அந்த 18,450-ஐ எழுதாமல் உங்களுக்கு ஒரு மடலாவது முடியுமா?

கேப்டனைச் சங்கத்துக்குச் சொன்னது நான்தான். ஒளியவில்லை. திருச்சியில், கார்கிலில் உயிர்விட்ட மேஜர் சரவணனுக்கு நினைவிடம் இருக்கிறது. நம்ம ஊரிலிருந்தும் எத்தனை பேர் போனார்கள், ஒரு கல் உண்டா? அதைக் கேட்க வெளியூர்க்காரர் ஒருத்தர் வரவேண்டியிருந்தது.

பட்டாளத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் புக் 2015 சென்னை வெள்ளத்தில் போய்விட்டது என்று கேப்டன் என்னிடமே சொன்னார். சாப்பிட்டதை மறக்கிற மனுஷன் சொன்னதை வைத்து ஒருத்தர் மானத்தை வாங்குகிறீர்கள். தம்பி ராசு, உங்கள் வீட்டார் பாதை விஷயத்தில் பேசிய உண்மையும் எனக்குத் தெரியும்.

என் அப்பா செத்த அன்று எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. மயானம் வரைக்கும் கூட நடந்து வந்தவர் அந்த ஆள்தான். மாலை போட்டு சல்யூட் அடித்தார். வீடியோ இருக்கிறது. இந்தச் சங்கத்திலிருந்து யார் போனீர்கள்?

அனுப்பியவர்: பொருளாளர், நியூஜெர்சி

அண்ணன் இறந்தபோது போகாதது தப்புதான் பாண்டி.

புக் வெள்ளத்தில் போகலாம். பென்ஷன் போகாதே, மாதாமாதம் வருமே. வங்கிப் பாஸ்புக்கில் ஒரு வரியைக் காட்டச் சொல். இல்லையென்றால் மதுரை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்த அட்டை எண்ணைச் சொல்லட்டும்.

அனுப்பியவர்: செல்வி, டொராண்டோ

நான் இந்தக் குழுவில் எழுதியே நாலு வருஷம் இருக்கும். பாண்டி அண்ணே, கோபப்படாதீர்கள்.

என் அண்ணன் மகன் அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தன். மைசூரில் ஆள் இருக்கு, மெடிக்கலில் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி 40,000 வாங்கியிருக்கிறார். மதினி கம்மலையும் வளையலையும் அடகு வைத்தாள். அக்னிவீர் தேர்வுக்குப் பையன் கட்டியது 250 ரூபாய். அதற்குமேல் யாருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை என்று அவனுக்கே தெரியும். "அத்தை, எல்லாரும் குடுத்தாங்க, நான் மட்டும் குடுக்காட்டி என் பேரை விட்டுருவாரோன்னு பயம்" என்கிறான்.

எங்கள் அப்பாவின் டிரங்குப் பெட்டி இன்னும் மச்சில் இருக்கிறது. கறுப்புப் பெயிண்ட், மேலே வெள்ளையில் நம்பர், பெயர். லீவுக்கு வந்தால் திறந்ததும் ஒரு வாசம் வரும், நாப்தலீனும் கேன்டீன் சோப்பும் கலந்து. நாங்கள் மூன்று பேரும் தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்போம். அந்தப் பெட்டியைப் பார்த்து வளர்ந்துதான் இவனுக்குப் பட்டாளத்து ஆசை. தூணில் அப்பா பெயர் வரவேண்டும் என்று எனக்கும் இருக்கிறது. ஆனால் முதலில் அந்த 40,000 வரட்டும்.

அனுப்பியவர்: கீழத்தெரு பாண்டி, துபாய்

செல்வி, இது எனக்குத் தெரியாது. அப்பா மேல் சத்தியம்.

நேற்றிரவு போன் போட்டேன். பாஸ்புக் கேட்டேன். அரை மணியில் கூப்பிடுகிறேன் என்றார். இன்று காலை பையன்கள் கரையில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். வாடகை வீடு பூட்டவில்லை, துணி கொடியில் காய்கிறது என்று தம்பி சொன்னான். வந்தாலும் வரலாம்.

ராசு, மாமா பெரிய மகனோடு இன்றைக்கே மேலூர் ஸ்டேஷனுக்குப் போகட்டும். கூட என் தம்பியும் வருவான். பதினான்கு பையன்களில் யார் யார் எவ்வளவு கொடுத்தது என்று எழுதி எடுத்துப் போகச் சொல்.

மதினி நகையை நான் மீட்டுத் தருகிறேன். 40,000-மும் வட்டியும் நாளை காலை போய்விடும். சித்தப்பா, இதைச் சங்கக் கணக்கில் எழுத வேண்டாம்.

அனுப்பியவர்: பொருளாளர், நியூஜெர்சி

எழுதாமல் எப்படி பாண்டி? எந்தத் தலைப்பில் எழுதட்டும், அதை மட்டும் சொல்.