கில்லி சூட் போட்டுக்கொண்டு வில் வேட்டை: தரையில் உட்காருகிறவனுக்கு இது வேண்டுமா, வேண்டாமா?

நோவை வில்லாளி:
எல்லோருக்கும் வணக்கம். மிச்சிகனில் மூன்று வருடமாக காம்பவுண்ட் வில்லோடு (முனைகளில் கப்பி வைத்த வில்) வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறேன். இதுவரை மரத்தில் கட்டுகிற ட்ரீ ஸ்டாண்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். போன நவம்பரில் உறைபனி படிந்த படியில் கால் வழுக்கிவிட்டது, உடம்பில் பாதுகாப்பு வார் கட்டியிருந்ததால் அந்தரத்தில் தொங்கினேன், இல்லையென்றால் 18 அடி கீழே. அன்றிலிருந்து மரம் ஏற மனசு வரவில்லை, வீட்டிலும் விடுவதாக இல்லை.

அதனால் இந்த வருடம் தரையிலேயே உட்காருவது என்று முடிவு செய்து ஒரு கில்லி சூட் வாங்கிவிட்டேன். தெரியாதவர்களுக்காக: உடம்பு முழுக்கச் சணல் திரி தொங்குகிற உடை, போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தால் ஆள் புதர் மாதிரி ஆகிவிடுவான். அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை வில் சீசன், மேனிஸ்டி காட்டுப் பக்கம், பொது நிலம். மான் நம்மைக் கண்டுகொள்வது தலையும் தோளும் சேர்ந்த அந்த உருவத்தை வைத்துத்தான், அதைக் கலைத்துவிட்டால் 20 கஜத்துக்குள் வரும் என்பது என் கணக்கு. கூட வருகிற இரண்டு பேர் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள், ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. இங்கே யாராவது சொல்லுங்கள்.

மரமேறி:
காரணம் நான் சொல்கிறேன் தம்பி. நானும் ஒன்று வாங்கினேன், ஒரே சீசனில் மூட்டை கட்டிவிட்டேன்.

அக்டோபர் கடைசி, சாயங்காலம், ஓக் மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டை மான் ஒன்று 17 கஜத்தில் வந்து ஏகோர்ன் என்கிற ஓக் கொட்டையைப் பொறுக்கித் தின்கிறது. காற்று என் முகத்தில் அடிக்கிறது, அதற்கு என்னைத் தெரியவே இல்லை. நீங்கள் சொல்கிற அந்த மறைப்பு அன்று நூற்றுக்கு நூறு வேலை செய்தது, அதை மறுக்கவில்லை. நாணை இழுத்தேன், நிதானமாகக் குறி பார்த்தேன், விட்டேன். விட்ட கணத்தில் இடது முன்கையில் ஏதோ சுரீர் என்று இழுத்தது. அம்பு நெஞ்சுக்குப் போக வேண்டியது பின்தொடையில் போய்ச் செருகியது. இரவு 11 மணி வரை டார்ச் அடித்து ரத்தத் துளியைத் தேடிக்கொண்டே போனேன், ஓடைக்கரையோடு தடம் நின்றுவிட்டது. மறுநாள் காலையிலும் தேடினேன். கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வில்லைப் பார்த்தால், அம்பு கோக்கிற இடத்துக்கு ஒரு சாண் கீழே நாணில் விரல் நீளத்துக்கு ஒரு சணல் திரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. அந்த ஒரு திரிதான். துப்பாக்கிக்காரன் கில்லி சூட் போட்டால் விரல் மட்டும்தான் அசைய வேண்டும். நமக்குக் கை, முழங்கை, நெஞ்சு எல்லாம் நாண் ஓடுகிற பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது, நாண் பாய்கிற வேகத்தில் ஒரு நூல் தட்டினாலே போதும். ஒரு உயிரை அரைகுறையாக அடித்து விடுவதற்கு இந்த உடை காரணமாக இருக்கும் என்றால் எனக்கு அது வேண்டாம்.

டெக்சாஸ் புதர்:
அண்ணா, உங்களுக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் தப்பு உடையில் இல்லை, உடையை வாங்கினபடியே போட்டதில் இருக்கிறது. கடையில் விற்பது பெரும்பாலும் துப்பாக்கிக்காரனையும் பெயிண்ட்பால் ஆடுகிறவனையும் மனதில் வைத்துத் தைத்தது. வில்லுக்கு என்றால் கத்திரிக்கோல் எடுத்தே ஆக வேண்டும். வலது கைக்காரன் என்றால் இடது கை முழுக்க, தோளிலிருந்து மணிக்கட்டு வரை உள்பக்கத் திரியை ஒட்ட வெட்டிவிடுங்கள், நெஞ்சின் இடப்பக்கத்தையும் மொட்டையாக்குங்கள், முன்கையில் அதன்மேல் இறுக்கமான ஆர்ம் கார்டு, அதாவது கைக் காப்பு உறை. நாண் கன்னத்தில் வந்து படுகிற இடத்தில் முக்காட்டுத் திரி தொங்கக் கூடாது. முதுகு, தலை உச்சி, வலது தோள், தொடை, இங்கெல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், உருவத்தைக் கலைப்பது அதுதான்.

நான் எட்டு வருடமாக இப்படித்தான் தரையில் வேட்டையாடுகிறேன், காட்டுப்பன்றி, மான் இரண்டும். மரத்துக்குப் பின்னால் ஒளியாதீர்கள், முன்னால் உட்காருங்கள், முதுகுக்குப் பின்னால் தோளைவிட அகலமான அடிமரம் இருக்க வேண்டும். மானின் தலை ஏதாவது மரத்துக்குப் பின்னால் போகும்போது மட்டும் இழுங்கள். இங்கே எங்களுக்கு வெயில்தான் பிரச்சினை, செப்டம்பர் கடைசியில் சணல் உடையோடு உட்கார்ந்தால் வேர்த்துக் கொட்டும். இலை இலையாக வெட்டிய மெல்லிய துணி உடை ஒன்று விற்கிறார்கள், நான் இப்போது அதற்கு மாறிவிட்டேன். திரியே கிடையாது, சிக்கலும் குறைவு.

நோவை வில்லாளி:
நன்றி ப்ரோ, இது உருப்படியான பதில். மரமேறி அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், இந்த உடை துப்பாக்கிக்காரனுக்காகப் பிறந்தது இல்லை. ஸ்காட்லாந்து மலைநாட்டில் மான் வேட்டைக்குத் துணை போகிற ஆளைத்தான் கில்லி என்று கூப்பிட்டார்கள். 1900-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்காக லோவட் பிரபு படை திரட்டியபோது அந்த ஆட்களைச் சேர்த்தார், அவர்களோடு இந்த உடையும் பட்டாளத்துக்குப் போனது. மானை நெருங்குவதற்கு என்று வந்ததை மானை நெருங்கப் போட்டுக்கொள்வதில் என்ன தப்பு?

மரமேறி:
அந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் கையில் இருந்ததும் துப்பாக்கிதான் தம்பி, வில் இல்லை. வில்லோடு மானை நெருங்குவது எப்படி என்று தெரிய வேண்டுமானால் இஷியைப் பாருங்கள். யாஹி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தின் கடைசி மனிதர், 1911-இல் கலிபோர்னியாவில் காட்டை விட்டு வெளியே வந்தவர், சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவருக்கு வில் கற்றுக்கொடுத்தவர். வேட்டைக்கு முந்தின நாள் மீன் சாப்பிட மாட்டாராம், புகை பிடிக்க மாட்டாராம், விடியற்காலையில் ஓடையில் குளித்துவிட்டு வாசனை இலையை உடம்பில் தேய்த்துக்கொண்டு போவாராம். அவருடைய கவலை எல்லாம் வாடையைப் பற்றி.

உங்கள் சூட்டை முகர்ந்து பார்த்தீர்களா? அரிசி மூட்டைச் சாக்கு வாசனை தெரியுமே, அதேதான். சணல் நூற்கும்போது எண்ணெய் சேர்ப்பார்கள், அந்த மண்ணெண்ணெய் மாதிரி வாடை லேசில் போகாது. மானின் மூக்கை எந்தப் புதரும் ஏமாற்றாது. சரி, துவைக்கலாம் என்று வீட்டு சோப்புத்தூளில் போட்டீர்களானால் இன்னொரு வம்பு, பளிச்சென்று ஆக்குகிற பொருள் அதில் இருக்கிறது. மானுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, ஆனால் நீலமும் புற ஊதாவும் நம்மைவிட நன்றாகத் தெரியும். விடியற்காலை வெளிச்சத்தில் நீங்கள் மின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

நோவை வில்லாளி:
இஷி மான் தலையைப் பாடம் பண்ணித் தன் தலையில் வைத்துக்கொண்டு புதருக்கு மேலே காட்டி மானை வரவழைத்தார் என்றும் அதே போப்தான் எழுதியிருக்கிறார் அண்ணா. அதுவும் உருவத்தை மாற்றுவதுதானே. வாடை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, பளபளப்பு சேர்க்காத சோப்பில் அலசி ஒரு வாரம் வெளியே கொடியில் போட்டு வைக்கிறேன்.

கான்டன்காரி:
நாண், சோப்பு எல்லாம் பேசுகிறீர்கள், எனக்குக் கவலை வேறு. நானும் என் கணவரும் பத்து வருடமாகப் பொது நிலத்தில் போகிறோம், அதனால் சொல்கிறேன்.

அக்டோபரில் காட்டில் வில்லாளிகள் மட்டும் இல்லை. அணில் சீசன் செப்டம்பர் 15-இலேயே தொடங்கிவிடும். கையில் .22 சிறு ரகத் துப்பாக்கி வைத்திருக்கிற ஆள் மரக்கிளையையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வருவான். அக்டோபர் 20-இலிருந்து ஃபெசன்ட் பறவை வேட்டைக்காரர்கள் நாயோடு புதர் புதராக உதைத்துக்கொண்டு வருவார்கள், அவர்கள் கையில் ஷாட்கன். அவர்கள் மற்றவர் கண்ணில் பளிச்சென்று படுகிற ஆரஞ்சு உடை போட்டாக வேண்டும், வில் சீசனில் மானுக்குப் போகிற உங்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆக, அவர்கள் உங்களுக்குத் தெரிவார்கள், நீங்கள் அவர்களுக்குத் தெரிய மாட்டீர்கள். ட்ரீ ஸ்டாண்டில் இருக்கிறவன் 18 அடி மேலே இருக்கிறான், தரையோடு சுடுகிற குண்டு அவன் பக்கம் போகாது. நீங்கள் முயல் உயரத்தில், புதர் வேஷத்தில், லேசாக அசைகிறீர்கள். இதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஒரு முறை என் கணவரிடமிருந்து ஆறு கஜத்தில் ஒரு பையன் வந்து நின்றான், பதினைந்து வயது இருக்கும், துப்பாக்கியின் வாய் நேராக எங்கள் பக்கம். அவர் "தம்பி, இங்கே ஆள் இருக்கிறோம்" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார், கையை ஆட்டவில்லை. பையன் முகம் வெளுத்துவிட்டது. அன்று அவர் போட்டிருந்தது சாதாரண கேமோ சட்டைதான் (இலை, கிளை நிறம் அச்சடித்தது), கில்லி கூட இல்லை.

டெக்சாஸ் புதர்:
அக்கா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். நான் இருப்பது தனியார் நிலம், வேலிக்குள் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் இதை யோசிக்கவே இல்லை. நோவை ப்ரோ, பொது நிலம் என்றால் கூடாரம் மாதிரி மறைவு விற்கிறார்களே, அதைப் பார்க்கலாமே.

நோவை வில்லாளி:
கூடாரம் யோசித்தேன் ப்ரோ. திடீரென்று ஒரு பெட்டி முளைத்தால் மான் பல நாள் அந்தப் பக்கம் வராது, முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். பொது நிலத்தில் பெயர், முகவரி எழுதி ஒட்டி விட்டுவிட்டு வந்தாலும் திரும்பிப் போகும்போது இருக்குமா என்பது சந்தேகம், எனக்கு ஒன்று காணாமல் போயிருக்கிறது. நவம்பர் முதல் வாரம் கொம்பு மான்கள் இணை தேடி அலைகிற நேரம், இன்று இங்கே தடம் இருந்தால் நாளை வேறு எங்கோ. அப்போது இடம் மாறி மாறி உட்கார முடிவது உடையோடு போகிறவனால்தான்.

அக்கா, நீங்கள் சொன்னது மட்டும் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. ஆரஞ்சு நாடா கட்டினால் போதுமா?

கான்டன்காரி:
போதுமா என்று கேட்டால் போதாது என்றுதான் சொல்வேன், ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ மேல். காரிலிருந்து இடத்துக்குப் போகும்போதும் திரும்பும்போதும் ஆரஞ்சு தொப்பியும் கையில்லாத ஆரஞ்சு மேல்சட்டையும் போடுங்கள், கில்லி சூட் பையில் இருக்கட்டும். உட்கார்ந்தபின் முதுகுப் பக்கத்து மரத்தைச் சுற்றி, நின்றிருக்கிற ஆளின் கண் உயரத்துக்கு மேலே, ஒரு முழம் அகலத்துக்கு ஆரஞ்சுத் துணி. நாலு பக்கமும் தெரிய வேண்டும். மானுக்கு அது மங்கலாகத்தான் தெரியும், பயப்படாது. நவம்பர் 15 துப்பாக்கி சீசன் தொடங்கினால் வில்லோடு போனாலும் ஆரஞ்சு மேலே போட்டாக வேண்டும், அந்த 16 நாளும் கில்லியைத் தொடவே தொடாதீர்கள்.

அப்புறம் உண்ணி. தரையில் உட்காருகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். லைம் நோய் பரப்புகிற கருங்கால் உண்ணி அக்டோபர், நவம்பரில்தான் பெரிதாகி அலையும், அந்தத் திரிக்குள் புகுந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. பெர்மெத்ரின் என்கிற பூச்சி மருந்தை உடையில் தெளித்து நன்றாகக் காயவைத்துவிட்டுப் போடுங்கள், வீட்டுக்குள் கொண்டுபோகாமல் கராஜிலேயே கழற்றுங்கள்.

மரமேறி:
அக்கா சொன்ன அத்தனையும் செய்தாலும் பொது நிலத்தில் தரையில் கில்லி வேண்டாம் என்பதுதான் என் முடிவு தம்பி. நல்ல முழு உடல் வார், தரையிலிருந்து மேலே வரை கட்டின பாதுகாப்புக் கயிறு, காய்ந்த படி, இது மூன்றும் இருந்தால் மரம்தான் பத்திரம். போன வருடம் உங்களை வார் காப்பாற்றியது, அதை மறந்துவிடாதீர்கள்.

நோவை வில்லாளி:
மறக்கவில்லை அண்ணா, அந்தத் தொங்கல் இன்னும் கனவில் வருகிறது, அதனால்தான் மேலே போகவில்லை.

நேற்று இடது கையையும் நெஞ்சையும் வெட்டினேன், தரையில் ஒரு கூடைத் திரி. இன்று காலை வில் மைதானத்தில் அதைப் போட்டுக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, 20 கஜத்தில் முப்பது அம்பு விட்டேன். இருபத்தெட்டு சரியாகப் போனது. இரண்டு இடப்பக்கம் விலகியது, பார்த்தால் முக்காட்டிலிருந்து ஒரு திரி கன்னத்தில் தொங்கி நாணைத் தொடுகிறது. அதையும் வெட்டியாயிற்று. முப்பதுக்கு முப்பது போகிற வரைக்கும் காட்டுக்கு எடுத்துப் போக மாட்டேன். ஆரஞ்சுத் துணி இரண்டு கஜம் வாங்கிவிட்டேன் அக்கா, மரத்தில் கட்ட ஒன்று, மான் கிடைத்தால் இழுத்து வரும்போது மேலே போட ஒன்று.

மரமேறி:
எந்த மைதானம் தம்பி? சனிக்கிழமை நானும் வருகிறேன், அந்த முக்காட்டை நான் ஒரு முறை பார்க்க வேண்டும்.