வால்வு திரும்புகிறதா என்று பார்த்திருக்கிறீர்களா?

மாடி வீட்டில் வாஷ்பேசினுக்குக் கீழே இருந்த கனெக்‌ஷன் ஹோஸ் வெடித்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடினேன். அந்த வீட்டுக்காரர் மண்டியிட்டு, ஹோஸுக்குத் தண்ணீர் விடும் சின்ன ஆங்கிள் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். உப்பு பிடித்து இறுகிப்போய் அது அசையவே இல்லை. சரி, தொட்டியிலிருந்து இறங்கும் மெயின் வால்வை அடைக்கலாம் என்று மொட்டைமாடிக்குப் போனோம். பழைய கேட் வால்வு. சக்கரம் லொடலொடவென்று சுற்றுகிறது, தண்ணீர் நிற்கவில்லை. உள்ளே இருக்கும் தகடு தண்டைவிட்டுக் கழன்றுவிட்டதாம். தொட்டி காலியான பிறகுதான் நின்றது.

பிளம்பர் அந்த ஹோஸைக் கையில் கொடுத்தார். மேலே பின்னியிருந்த ஸ்டீல் வலை நடுவில் பளபளவென்றுதான் இருந்தது. நட்டை ஒட்டிய இடத்தில் மட்டும் பழுப்பேறி, அறுந்த இழைகள் விரலில் குத்தின. அழுத்தத்தைத் தாங்குவதே அந்த வலைதான், உள்ளே வெறும் ரப்பர் குழாய். இழை அறுந்தால் ரப்பர் பிதுங்கும், அப்புறம் கிழியும். நட்டு ஓரத்தில் துரு தெரிந்தாலே மாற்றிவிடுங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் 5 ஆண்டுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

இப்போது எங்கள் வீட்டில் 6 மாதத்துக்கு ஒருமுறை எல்லா வால்வையும் மூடித் திறக்கிறோம். கேட் வால்வை முழுக்கத் திறந்தபின் கால் சுற்று பின்னால் திருப்பிவிட்டால் ஒட்டிக்கொள்ளாது.

—

எங்கள் தொல்லை சத்தமில்லாதது. யாரும் தண்ணீர் திறக்காத ராத்திரியிலும் மீட்டர் முள் மெல்ல நகர்ந்தது. ஃபிளஷ் டேங்கில் கொஞ்சம் கலர்ப்பொடி போட்டு, ஃபிளஷ் செய்யாமல் அரைமணி நேரம் விட்டோம். கழிப்பறைக் கோப்பைக்குள் கலர் இறங்கியிருந்தது. அடியில் இருந்த ரப்பர் வாஷர் உப்பேறி வளைந்திருந்தது. அதை மாற்றியதும் முள் நின்றது.

—

சமையலறை சிங்க்கில் எண்ணெய் ஊற்றிவிட்டு வெந்நீர் விட்டால் போதும் என்பவர்களுக்கு: வெந்நீர் எண்ணெயை உள்ளே தள்ளும், அவ்வளவுதான். தள்ளிப்போய் ஆறி, அங்கே உறையும். பாத்திரத்தைத் தாளால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

—

ஒரு சந்தேகம். வருடக்கணக்கில் தொடாத வால்வை இப்போது திருகலாமா?

—

கையால் மட்டும், முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. ஸ்பானர் போட்டு முறுக்கினால் வால்வோடு குழாயும் முறியும். பகலில், பிளம்பர் கிடைக்கும் நேரமாகப் பார்த்து, தொட்டியில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது செய்யுங்கள்.