தாப் சாம் நிலையத்தில் இறங்கியவர்கள்: வியட்நாமில் கழிந்த ஒரு நீண்ட விடுமுறை

வியட்நாமை வடக்கிலிருந்து தெற்குவரை இரயிலிலேயே கடப்பது என்று முடிவெடுத்ததுதான் எங்கள் விடுமுறையின் போக்கைத் தீர்மானித்தது. ஹனோயையும் ஹோ சி மின் நகரையும் இணைக்கும் 1,726 கிலோமீட்டர் நீள மீட்டர் கேஜ் பாதை, பிரெஞ்சு ஆட்சியில் 1936இல் முழுமை பெற்று, போர்க்காலத்தில் பல இடங்களில் தகர்க்கப்பட்டு, 1976ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் முனைக்கு முனை ஓடத் தொடங்கியது. விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகும் தொலைவுக்கு இந்த வண்டிகள் ஏறக்குறைய ஒன்றரை நாள் எடுத்துக்கொள்கின்றன. எங்களுக்கு வாரக்கணக்கில் நேரம் இருந்ததால், விரும்பிய ஊரில் இறங்கித் தங்கி, சலித்த பிறகு அடுத்த வண்டியைப் பிடித்தோம்.

ஹா லாங் விரிகுடாவைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, அதை விட்டுவிடுகிறேன். ஹுவே நகரில் 1802 முதல் 1945 வரை ஆண்ட நுயென் மன்னர்களின் கோட்டையைப் பார்க்க ஒரு முழு நாள் தேவை. அங்கிருந்து டா நாங் செல்லும் வண்டி ஹாய் வான் மலையைச் சுற்றிக் கடலோரமாக வளைந்து வளைந்து போகும். தெற்கு நோக்கிச் செல்பவர்கள் இடப்பக்க இருக்கையைக் கேட்டு வாங்குவது நல்லது.

ஆறு படுக்கைகள் கொண்ட பெட்டியில்தான் பெரும்பாலும் பயணம் செய்தோம். பேரக்குழந்தையுடன் வந்த ஒரு மூதாட்டி, கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலி வழியாக எங்களிடம் முதலில் கேட்டது வயதை. அடுத்து, எத்தனை குழந்தைகள் என்பதை. வயது தெரியாமல் ஒருவரை எப்படி அழைப்பது என்பதே அங்கு குழப்பமாகிவிடும் என்பதால், அது துருவிக் கேட்பதாகாது. பதில் கிடைத்ததும் சிறு கத்தியை எடுத்துப் பொமலோ பழத்தை உரித்து, வெள்ளைத் தோலையெல்லாம் நீக்கிய சுளைகளை எங்கள் கையில் வைத்துவிட்டுத்தான் அவர் தமக்கு எடுத்துக்கொண்டார்.

நான் சொல்ல வந்தது, இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் சாம் மக்கள் ஆண்ட சம்பா அரசின் கோயில்களைப் பற்றி. டா நாங்கிலிருந்து எல்லோரும் போகும் மீ சன், நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் சிவனுக்குக் கோயில் எழுப்பியதிலிருந்து பல நூறு ஆண்டுகள் சாம் மன்னர்களின் வழிபாட்டுத் தலமாக விளங்கியது. செங்கற்களுக்கிடையே சுண்ணச்சாந்து கண்ணுக்குத் தென்படுவதில்லை. விரல் நகம்கூட நுழையாத அந்த இணைப்பை எப்படிச் செய்தார்கள் என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். 1969இல் அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளில் முதன்மைக் கோபுரம் சிதைந்தது. குண்டு விழுந்த பள்ளங்களில் இப்போது புல் மண்டியிருக்கிறது. 2017 முதல் இந்தியத் தொல்லியல் துறையினர் இங்கே சீரமைப்பில் ஈடுபட்டபோது, 2020இல் ஒரே மணற்கல்லில் செதுக்கிய ஆவுடையாருடன் கூடிய பெரிய லிங்கம் வெளிப்பட்டது. வளாகம் அருமையாகப் பராமரிக்கப்படுகிறது. ஆனால் சாம் மக்கள் என்றோ மறைந்துபோனவர்கள் என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலான பயணிகள் பேருந்தில் ஏறுகிறார்கள்; அன்று எங்கள் குழுவினரின் பேச்சும் அப்படித்தான் இருந்தது.

அந்த எண்ணத்தை மாற்றியது, இன்னும் தெற்கே இதே பாதையில் உள்ள தாப் சாம் இரயில் நிலையம். நாட்டிலேயே மிகக் குறைவாக மழை பெய்யும் பகுதி அது. கள்ளிச்செடிகளும் திராட்சைத் தோட்டங்களுமாக நிலம் முற்றிலும் வேறு நிறத்தில் இருக்கிறது. அருகிலுள்ள குன்றின்மேல் நிற்கும் போ குலோங் கராய் கோயில், மூன்றாம் ஜெயசிம்மவர்மன் காலத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி எழுந்தது. வாயிலின்மேல் ஆடும் சிவன், உள்ளே நந்தி, கருவறையில் முகலிங்கம். அந்த முகத்தைத் தெய்வமாகிவிட்ட தங்கள் மன்னராகவே சாம் மக்கள் வணங்குகிறார்கள். நாங்கள் போன நேரத்தில் ஒரு குடும்பம் வேண்டுதலுக்காக வந்திருந்தது. வெள்ளை உடையும் தலைப்பாகையும் அணிந்த பூசாரி முன்னே அமர்ந்திருக்க, வெற்றிலையும் வாழைப்பழமும் அவித்த முட்டையும் வைத்த தட்டுகள் பாயில் பரப்பப்பட்டிருந்தன. குடும்பத்திலிருந்த கல்லூரி மாணவர் ஒருவர், செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும் கத்தே திருவிழாவின்போது தெய்வத்தின் ஆடைகளை மலையில் வாழும் ராக்லாய் மக்கள் சுமந்து வருவார்கள் என்றும், அப்போது முகலிங்கத்துக்கு நீராட்டி உடுத்துவார்கள் என்றும் பொறுமையாக விளக்கினார்.

மறுநாள் அவர் சொல்லித்தான் பாவ் சுக் குயவர் ஊருக்குச் சென்றோம். அங்கே சக்கரம் கிடையாது. மண் உருண்டை ஒரு மேடைமேல் அசையாமல் இருக்க, குயவப் பெண்மணி குனிந்தபடி அதைச் சுற்றிப் பின்னோக்கி நடந்துகொண்டே, ஈரத்துணி சுற்றிய விரல்களால் வாய்ப்பகுதியை வழித்து எடுக்கிறார். பானையின் வட்டம் அவருடைய நடையில்தான் அமைகிறது. சூளையும் இல்லை, திறந்தவெளியில் விறகும் வைக்கோலும் போட்டுச் சுடுகிறார்கள். இந்தக் கலையை 2022இல் யுனெஸ்கோ அவசரப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

ஹோ சி மின் நகரில் தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கும் போனோம். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். கருங்கல் சுவரில் முகம் புதைத்து, தங்கள் குறையை அம்மனிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் எனக்கு வியப்பு அதிகம் எழவில்லை. தாப் சாமைப் பார்த்துவிட்டு வந்ததே காரணம் என்று நினைக்கிறேன்.

மின்விசா இப்போது 90 நாள்கள்வரை கிடைப்பதால், மீ சன் பார்த்த கையோடு திரும்பிவிட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. முதலில் டா நாங்கின் சாம் சிற்ப அருங்காட்சியகத்தில் அரை நாள், பிறகு மீ சன், அதன்பின் தாப் சாமில் குறைந்தது இரண்டு இரவுகள் என்று வைத்துக்கொள்ளலாம். கத்தே நாளையொட்டிச் செல்பவர்கள் இரயில் படுக்கையையும் விடுதியையும் மிகவும் முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும்.