ஓ.பி.யில் வரும் எல்லாருக்கும் குறியீடு போட வேண்டுமா?

பாகூரான்:
ஓ.பி.யில வர்றவங்களோட நோயை எண்ணாப் பதியணும்னா, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலான ஐசிடி சரிப்படாது, முதல்நிலை மருத்துவத்துக்குன்னே உள்ள ஐசிபிசி-2 பட்டியல்தான் வேணும். ஐசிடி பெரும்பாலும் நோயோட பேரைக் கேட்குது. முதல் நாள் காய்ச்சலுக்கு ஏது பேரு? ஐசிபிசியில வந்தவர் சொன்னதையே பதியலாம்: காய்ச்சல் ஏ03, இருமல் ஆர்05. மொத்தமே 17 அத்தியாயம். குடும்ப மருத்துவர்களோட உலக அமைப்பான வோன்கா 1987லயே முதல் பதிப்பைக் கொண்டு வந்துடுச்சு.

பண்ருட்டி டாக்டர்:
திங்கக்கிழமை காலைல என் பக்கத்துல வந்து உட்காருங்க தம்பி. சுகர், பிரஷர் மாத்திரைக்கு ஒரு வரிசை, காய்ச்சலுக்கு ஒரு வரிசை. ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சாலே பெரிசு. அதுல ஸ்டெத் வைக்கவா, கம்ப்யூட்டர்ல எண் தேடவா? பட்டியல்ல முதல்ல நிக்கிறதை அழுத்திட்டுப் போவாங்க. அந்தக் குப்பையில நீங்க வரைபடம் போடுவீங்க. காய்ச்சல், வயித்துப்போக்கு எல்லாம் ஏற்கெனவே தொற்றுநோய்க் கண்காணிப்புக்கு அனுப்புற பி படிவத்துல போகுதே.

பாகூரான்:
பி படிவம் கொள்ளைநோயைப் பிடிக்க வந்தது சார். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டு, கை வெந்து வர்ற உங்க ஊர்ப் பெண்களுக்கு அதுல ஏது இடம்? ஐசிபிசியில, ஏதாவது பட்டு வர்ற தோல் அழற்சிக்கு எஸ்88னு ஒரு எண் இருக்கு. வருஷக் கடைசியில எத்தனை பேர்னு எடுத்துக் காட்டலாம், கையுறை கேட்கலாம்.

நெல்லிக்குப்பம் நர்ஸ்:
முந்திரி விஷயம் நியாயம். ஆனா அதே பட்டியல்ல சமூகப் பிரச்சினைகளுக்கு இசட் அத்தியாயம்னு ஒண்ணு இருக்கு. வறுமைக்கு இசட்01, புருஷன் பொண்டாட்டி பிரச்சினைக்கு இசட்12. அடிவாங்கிட்டு 'படியில விழுந்துட்டேன்'னு வர்ற பொண்ணுக்கு நான் இசட் போட, அது சீட்டுல அச்சாகி, மருந்து வாங்க அவனே சீட்டை எடுத்துட்டுப் போனா யாருப்பா பதில் சொல்றது?

பாகூரான்:
சீட்டுல அச்சடிக்கச் சொல்லலையேக்கா. கணினியில மட்டும் இருக்கட்டும்.

நெல்லிக்குப்பம் நர்ஸ்:
கணினியில தட்டுறது யாரு? அதே தெருப் பொண்ணு. இசட் மட்டும் டாக்டர் கையால போடணும், வேற யாருக்கும் திறக்கக் கூடாது. அப்படின்னா சம்மதம்.

பண்ருட்டி டாக்டர்:
என் தலையிலயே கட்டுங்க! இன்னொண்ணு. மழைக்கு அப்புறம் நம்ம பக்கம் உண்ணிக்காய்ச்சல் வருது. அக்குள்ல கருத்த பொருக்கைப் பார்த்தா ஐசிடி-10ல ஏ75.3னு தனியா இருக்கு. ஐசிபிசி-2ல 'மற்ற தொற்று'க் கூடையில போடணும். நமக்கு வேண்டிய இடத்துலதான் உங்க புத்தகம் மொண்ணை.

பாகூரான்:
ரெண்டையும் இணைக்கிற அட்டவணை இருக்கு சார். அந்த மாதிரி நோய்க்கு மட்டும் ஐசிடி எண்ணையும் சேர்த்துக்கலாம்.

பண்ருட்டி டாக்டர்:
ஒண்ணுக்கே நேரமில்லைங்கிறேன், ரெண்டாவதா? சரி, வாரம் ஒரு நாள் போட்டுப் பாருங்க. தட்டச்சுக்கு ஆள் உங்க பொறுப்பு.

பாகூரான்:
செவ்வாய் வரவா?

பண்ருட்டி டாக்டர்:
செவ்வாய் கர்ப்பிணிங்க, புதன் தடுப்பூசி. வியாழன் வாங்க.